ஜப்பானில் வசிப்போர் அன்றாடம் பர்ஸில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும்?

கோவைப்பயணி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரல் முதல் வாரத்தில் நானும் என் மனைவியும் ஆறு வயது மகளும் வேலை நிமித்தமாக டோக்கியோவின் எடோகவா பகுதிக்குக் குடிபெயர்கிறோம். மகள் அங்கே முதல் வகுப்பில் சேரவிருக்கிறாள். வீடு, விசா, பள்ளி ஆகியவற்றைப் பற்றி இங்கே பலரும் எழுதியிருப்பதைப் படித்துப் பெரிதும் தெளிவு பெற்றேன். ஆனால் மிகச் சாதாரணமான ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. அன்றாடம் வெளியே கிளம்பும்போது கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்பதே அது.

கோவையில் கீரை விற்கும் அம்மாவுக்குக்கூட ஸ்கேன் செய்தே பணம் கொடுத்துப் பழகிவிட்டேன். என் பர்ஸில் 200 ரூபாய் இருந்தால் அதுவே அதிகம். ஜப்பானில் சில ஆண்டுகள் இருந்து திரும்பிய என் மேலாளர், 50,000 யென்னுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். சென்ற ஆண்டு மூன்று வாரம் சென்று வந்த சக ஊழியர் ஒருவர், பணமே வேண்டாம், அட்டையும் கைப்பேசியும் போதும் என்றார். இருவருமே உறுதியாகச் சொல்வதால் எனக்குக் குழப்பமே மிஞ்சுகிறது. அங்கே குடும்பத்தோடு வசிப்பவர்கள், தொகையை மட்டுமல்லாமல் அதற்கான காரணத்தையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். புறப்படும்போது இந்தியாவிலிருந்து எவ்வளவு ரொக்கம் கொண்டு வரலாம் என்பதையும் தெரிவியுங்கள்.

நிஷிகசாய்14

தம்பி, உங்கள் மேலாளர் சொன்னதும் சக ஊழியர் சொன்னதும் அவரவர் பார்த்த ஜப்பானைப் பொறுத்தவரை உண்மைதான். ஜப்பானியப் பொருளாதார அமைச்சகத்தின் கணக்கில், மக்கள் செலவிடும் தொகையில் ரொக்கமில்லாமல் நடந்தது 2010இல் 13.2 விழுக்காடு, 2024இல் அது 42.8 விழுக்காடு. 2025க்குள் 40 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்று அரசு வைத்திருந்த இலக்கு ஓராண்டு முன்னதாகவே நிறைவேறிவிட்டது. 2018 அக்டோபரில் கைப்பேசியில் பணம் செலுத்தும் பேபே செயலி வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் விற்பனை வரி 8 விழுக்காட்டிலிருந்து 10 ஆக உயர்ந்தபோது, சிறு கடைகளில் அட்டையிலோ கைப்பேசியிலோ செலுத்துவோருக்கு 5 விழுக்காடு வரை திருப்பித் தரும் திட்டம் ஒன்றை அரசு 2020 ஜூன் வரை நடத்தியது. எங்கள் தெருவின் வயதான மீன்கடைக்காரர் கடையில் சதுரக் குறியீட்டு அட்டையை ஒட்டியது அந்த நாட்களில்தான்.

ஆனாலும் அந்தக் கணக்கை மறுபக்கமிருந்தும் படிக்க வேண்டும். நூற்றில் 42 ரொக்கமில்லாமல் நடந்தது என்றால், மிச்சமுள்ள பெரும்பங்கு இன்னமும் வேறு வழிகளில், முக்கியமாக ரொக்கத்தில், நடக்கிறது என்றுதான் பொருள். பெரிய கடைகள், கொன்பினி என்று நாங்கள் சொல்லும் 24 மணி நேரக் கடைகள், ரயில் நிலையங்கள் ஆகிய இடங்களில் உங்களுக்கு ரொக்கம் தேவைப்படாது. அட்டை நிறுவனத்துக்குத் தர வேண்டிய கட்டணத்தைத் தாங்க முடியாத சிறு உணவகம், ஒரே மருத்துவர் நடத்தும் கிளினிக், கோயில், காசு போட்டுத் துவைக்கும் சலவைக்கூடம், வீட்டு வாசலில் காய்கறியை அடுக்கி, பக்கத்தில் ஓர் உண்டியலை மட்டும் வைத்துவிட்டுப் போகும் ஆளில்லாக் கடை ஆகிய இடங்களில்தான் தேவைப்படும்.

இங்கே ஒரு பழைய வழக்குண்டு: வயதுக்கு ஆயிரம் யென். 25 வயதுக்காரர் 25,000, ஐம்பது வயதுக்காரர் 50,000 வைத்திருந்தால் வெளியிடத்தில் தலைகுனிய நேராது என்பார்கள். உங்கள் மேலாளர் சொன்னது அந்த வழக்கிலிருந்து வந்ததாக இருக்கலாம். இன்றைக்கு டோக்கியோவில் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்பது என் கருத்து. நான் வைத்திருப்பது ஏறக்குறைய 14,000 யென்: ஒரு 5,000 நோட்டு, எட்டு 1,000 நோட்டுகள், மீதி சில்லறை.

தொகையைவிட அது எந்த நோட்டுகளாக இருக்கிறது என்பதையே நான் வலியுறுத்த விரும்புகிறேன். நம்மில் பலர் ஏடிஎம்மிலிருந்து 10,000 யென் எடுத்து, ஒற்றை நோட்டை மடித்து வைத்துக்கொண்டு, கையில் பணம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். டோக்கியோ மாநகரப் பேருந்தில் கட்டணம் 210 யென். ஓட்டுநருக்கு அருகிலுள்ள இயந்திரம் 1,000 யென் நோட்டைத்தான் ஏற்கும். 10,000 யென்னை நீட்டினால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது, உங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். ராமென் என்னும் நூடுல்ஸ் விற்கும் கடை வாசலில் சீட்டு தரும் இயந்திரங்களில் பலவும் அப்படியே. ஆகவே 9,000 யென் எடுத்தால் ஏடிஎம் பெரும்பாலும் சிறு நோட்டுகளாகத் தரும் என்பதற்காகவே நான் 10,000 எடுப்பதில்லை.

2024 ஜூலை 3 அன்று புதிய நோட்டுகள் வெளிவந்தன. 10,000 யென்னில் ஷிபுசாவா எயிச்சி, 5,000 யென்னில் ட்சுதா உமேகோ, 1,000 யென்னில் கிதாசாத்தோ ஷிபாசாபுரோ ஆகியோரின் படங்கள் இருக்கும். பழைய நோட்டுகளும் செல்லும். ஆனால் இயந்திரத்தை மாற்றப் பணமில்லாத சிறு கடைகளில் புதிய நோட்டை அது திருப்பித் துப்பிவிடுவதை இன்னமும் பார்க்கலாம். 2021இல் வந்த இருநிற 500 யென் நாணயத்துக்கும் இதே சிக்கல் உண்டு. ஆகவே 100 யென் நாணயங்கள் ஏழெட்டு எப்போதும் இருக்கட்டும்.

இந்தியாவிலிருந்து கொண்டு வருவதைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு பயணத்துக்குப் பொதுவாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்புள்ள அயல்நாட்டு நோட்டுகளை எடுத்துவரலாம்; அதற்கு மேற்பட்டதை அந்நியச் செலாவணி அட்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 10 லட்சம் யென்னுக்கு மேல் ரொக்கம் இருந்தால் ஜப்பானியச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அவ்வளவு உங்களுக்குத் தேவைப்படாது. முதல் மாதத்துக்கு ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் யென் வரை ரொக்கமாகவும் மற்றதை அட்டையிலும் வைத்துக்கொள்ளுங்கள். வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குக் கணக்குத் தொடங்கப் பல வங்கிகள் தயங்கும். சம்பளக் கணக்குக்கு நிறுவனம் உதவினாலும் அட்டை தபாலில் வந்து சேர நாளாகும். அந்த இடைவெளியில்தான் புதிதாக வருபவர்கள் தவிக்கிறார்கள்.

ஒசாகாவில்நான்

அண்ணன் சொல்வதை முழுவதும் ஏற்க எனக்கு மனமில்லை. மூன்று ஆண்டுகளாக ஒசாகாவில் இருக்கிறேன். என் பர்ஸில் 2,000 யென்னுக்கு மேல் இருந்த நாட்கள் குறைவு. 2025 ஏப்ரல் 13 முதல் அக்டோபர் 13 வரை இங்கே நடந்த உலகக் கண்காட்சியில் ரொக்கத்தையே ஏற்கவில்லை. தண்ணீர் பாட்டில் முதல் நினைவுப் பொருள் வரை அட்டையிலும் கைப்பேசியிலும்தான் விற்றார்கள். நாடெங்கிலுமிருந்து வந்த முதியவர்கள் அதற்குப் பழகிக்கொண்டதை நேரில் பார்த்தேன்.

ரொக்கம் அதிகமாக வைத்திருப்பதில் ஒரு தீங்கும் உண்டு. எவ்வளவு செலவானது என்பதற்குத் தடம் இருக்காது. மாதம் முழுவதும் செயலியில் செலவு செய்தால், ஊருக்கு எவ்வளவு அனுப்பலாம் என்பதை 25ஆம் தேதி சம்பளம் வரும்போதே என்னால் சொல்ல முடிகிறது. முதலாண்டில் கையில் 30,000 வைத்திருந்தபோது அது எங்கே போனதென்றே தெரியாமல் கரைந்தது. மேலும் இங்கே எதை வாங்கினாலும் வரி சேர்ந்து 1 யென், 5 யென் என்று சில்லறை குவியும். அந்தச் சில்லறையை வங்கியில் போடுவதற்கும் இப்போது கட்டணம் இருக்கிறது. அஞ்சல் வங்கி 2022 ஜனவரியிலிருந்து நாணயங்களுக்குக் கட்டணம் வாங்குகிறது. ஏடிஎம்மில் ஒற்றை நாணயம் போட்டாலும் 110 யென் பிடிப்பார்கள்.

புதிதாக வருபவருக்கு என் யோசனை இதுதான்: ரயிலிலும் பேருந்திலும் கடையிலும் தட்டிச் செலுத்தும் சுய்கா அல்லது பாஸ்மோ அட்டையில் போதிய தொகையை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு கவனக் குறிப்பு மட்டும் சொல்ல வேண்டும். ஐபோன் என்றால் இந்தியாவில் வாங்கியதிலும் சுய்கா வேலை செய்யும். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதற்கான சில்லு இருக்காது என்பதால் பிளாஸ்டிக் அட்டையைத்தான் வாங்க வேண்டும்.

கியூஷூஆய்வாளர்

நான் குமமோட்டோவில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஒசாகா நண்பரின் அனுபவம் பெருநகர அனுபவம் என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் ஐந்து பேருந்து நிறுவனங்கள் ஒன்றாகக் கூடி, 2024 நவம்பர் 16 முதல் சுய்கா போன்ற நாடு தழுவிய அட்டைகளை ஏற்பதையே நிறுத்திவிட்டன. கருவிகளைப் புதுப்பிக்க ஆகும் செலவை அந்த நிறுவனங்களால் தாங்க முடியவில்லை என்பதே காரணம்; அதில் ஏறக்குறைய பாதிச் செலவில் வங்கி அட்டையைத் தட்டும் கருவிகளுக்கு மாறலாம் என்று முடிவு செய்தார்கள். மாற்றம் முடியும் வரை எங்களுக்கு இருந்தவை உள்ளூர் அட்டையும் ரொக்கமும்தான். ரொக்கமில்லாப் பயணத்தில் நாடு முன்னே போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டில், என் பேருந்து நிறுத்தத்தில் வெளியூர்க்காரர்கள் அட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

கிராமப்புறப் பேருந்துகளில் கட்டணம் தூரத்துக்கேற்ப ஏறிக்கொண்டே போகும். ஏறும்போது எண் போட்ட சீட்டை எடுக்க வேண்டும். இறங்கும்போது முன்னாலுள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேராக எரியும் தொகையைச் சரியான சில்லறையாகப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி மீதி தராது என்பதால், பேருந்து நிற்கும் நேரத்தில் முன்கூட்டியே 1,000 நோட்டை மாற்றி வைத்துக்கொள்வது இங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் நாகரிகம். அசோ மலைப்பக்கம் போகும் நாளில் நான் 20,000 யென் எடுத்துச் செல்கிறேன். அங்கே தங்கும் சிறு விடுதிகளில் ரொக்கம் மட்டுமே வாங்குவோர் இருக்கிறார்கள்; அடுத்த ஏடிஎம் வெகு தூரத்தில் இருக்கக்கூடும்.

புதிதாக வருபவருக்கு ஒரு சிறு செய்தி: ஜப்பானிய நாணயங்களில் நமக்குத் தெரிந்த எண் பொறிக்கப்படாதது 5 யென் மட்டுமே. நடுவில் துளையுள்ள மஞ்சள் காசு அது. எழுத்தால் மட்டுமே மதிப்பு எழுதப்பட்டிருக்கும். துளையுள்ள வெள்ளைக் காசு 50 யென். உங்கள் மகளுக்கு இதை முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாம்வகுப்புஅம்மா

சகோதரரே, நானும் எடோகவாவில்தான் இருக்கிறேன். என் மகன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். ஆண்கள் எல்லோரும் அலுவலகம், பேருந்து, ராமென் என்றே கணக்குப் போடுகிறீர்கள். குழந்தையை வளர்ப்பவரின் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வேறு கணக்கு. உங்கள் மனைவியிடமும் தனியாகப் பணம் இருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பர்ஸில் 14,000 இருந்து அவர் கையில் ஒன்றும் இல்லாவிட்டால் அந்தப் பணம் வீட்டுக்குப் பயன்படாது.

பள்ளியிலிருந்து அவ்வப்போது ஓர் உறை வரும். பயிற்சிப் பொருள், சுற்றுலா, பெற்றோர் சங்கச் சந்தா என்று அதன் மேல் தொகை எழுதியிருக்கும். குறிப்பிட்ட நாளில் மீதி தர வேண்டாதபடி சரியான தொகையைப் போட்டு, ஒட்டி, பிள்ளையின் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் முறை பரவி வந்தாலும் உறை இன்னும் முழுவதும் மறையவில்லை. முதல் உறை வந்த இரவு என்னிடம் இரண்டு 10,000 யென் நோட்டுகள் மட்டுமே இருந்தன; தேவைப்பட்டதோ 1,380 யென். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொன்பினியில் ஒரு பாலும் ரொட்டியும் வாங்கி மாற்றிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து சமையலறை அலமாரியில் ஒரு டப்பாவில் 1,000 நோட்டுகள் ஐந்தும், ஒவ்வொரு வகை நாணயத்திலும் பத்தும் வைத்திருக்கிறேன். நம் அம்மாக்கள் கடுகு டப்பாவில் வைத்த பணம் எதற்கு என்பது எனக்கு இந்த ஊரில்தான் விளங்கியது.

அடுத்தது மருத்துவம். டோக்கியோவின் 23 நகரப் பகுதிகளிலும் பிள்ளைகளின் மருத்துவச் செலவுக்கு நாம் பணம் தர வேண்டியதில்லை. அதற்கான சான்றிதழை நகராட்சி அலுவலகம் தரும். ஆனால் அந்தச் சான்றிதழ் டோக்கியோவுக்குள் மட்டுமே செல்லும். ஆற்றைத் தாண்டினால் சிபா மாவட்டம். அங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மருத்துவரிடம் காட்டினால், காப்பீட்டின்படி நம் பங்கைக் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். பள்ளியில் சேராத பிள்ளைக்கு 20 விழுக்காடு, சேர்ந்த பிறகு பெரியவர்களைப் போலவே 30 விழுக்காடு. காப்பீட்டுச் சான்று கையில் இல்லாவிட்டால் முழுத் தொகையையும் கட்டச் சொல்வார்கள். நள்ளிரவில் என் கணவருக்கு வயிற்றுவலி வந்து ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். கணக்குப் பிரிவு மூடியிருந்ததால் 10,000 யென் முன்பணம் கேட்டார்கள், அதுவும் ரொக்கமாக. வார நாளில் வந்து கணக்கை முடித்து மீதியைப் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். பிழை என்று யாரையும் சொல்ல முடியாது. அவர்கள் முறை அது. ஆனால் அந்த நேரத்தில் அவரைத் தனியே உட்கார வைத்துவிட்டு, மழையில் ஏடிஎம் தேடி நான் நடந்த நடை மறக்காது. ஆகவே குழந்தையோடு வெளியே போகும் நாளில் என் கைப்பையின் உள்ளறையில், தொடக்கூடாத பணமாக ஒரு 10,000 யென் நோட்டு தனியே இருக்கும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இங்கே திருமணத்துக்கு அழைத்தால் உறையில் 30,000 யென் வைப்பது வழக்கம். நோட்டுகள் மடிப்பில்லாத புதியவையாக இருக்க வேண்டும், நோட்டுகளின் எண்ணிக்கை இரண்டால் வகுபடக் கூடாது என்பார்கள். துக்க வீட்டுக்கு நேர்மாறாக, புத்தம் புது நோட்டுக் கூடாது. காத்திருந்து தயார் செய்ததுபோல் ஆகிவிடும். மொய் எழுதும்போது 101, 501 என்று ஒரு ரூபாய் சேர்க்கும் நமக்கு இது எளிதில் புரியும். இதற்கெல்லாம் செயலி உதவாது.

சப்போரோக்குளிர்

இதுவரை பேசிய எல்லோரும் மின்சாரம் இருக்கும் நாளைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். 2018 செப்டம்பர் 6 அன்று அதிகாலை 3 மணி 7 நிமிடத்துக்கு ஹொக்காய்டோவில் நிலநடுக்கம் வந்தபோது நான் சப்போரோவில் இருந்தேன். தோமாத்தோ-அட்சுமா அனல்மின் நிலையம் நின்றதும், சிறிது நேரத்தில் தீவு முழுவதும் இருண்டது. ஏறக்குறைய 29 லட்சத்து 50 ஆயிரம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. விடிந்ததும் போக்குவரத்து விளக்குகள் எரியாத சாலைகளில் மக்கள் கொன்பினிகளை நோக்கி நடந்தார்கள், நானும் நடந்தேன்.

எங்கள் வட்டாரக் கடைத்தொடரான செய்கோமார்ட்டின் ஊழியர்கள், கார்களிலிருந்து மின்சாரம் எடுத்துச் சிறு கருவிகளை இயக்கிக் கடைகளைத் திறந்து வைத்திருந்தார்கள். எரிவாயு அடுப்பில் சோறு வடித்து உருண்டை பிடித்து விற்ற கடைகளும் இருந்தன. அட்டைக் கருவி இல்லை, செயலி இல்லை, ஏடிஎம் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞர் ஒருவர், கைப்பேசியில் பத்தாயிரக்கணக்கான யென் இருந்தும் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்க முடியாமல் நின்றார். அவருக்குப் பின்னால் நின்ற மூதாட்டி அதற்கான காசைக் கொடுத்தார். என்னிடம் அன்று 3,400 யென் இருந்தது. தண்ணீர், மின்கலம், உலர்ந்த உணவு என்று வாங்கியதில் மதியத்துக்குள் 600 யென் மிஞ்சியது. எங்கள் பகுதிக்கு மின்சாரம் மறுநாள் இரவுதான் வந்தது.

அன்று பெரிய நோட்டு வைத்திருந்தவர்களும் சிரமப்பட்டார்கள். கல்லாவில் மீதி தரச் சில்லறை தீர்ந்துவிட்டது. ஆகவே பேரிடருக்கான பணம் 1,000 நோட்டுகளாகவும் 100 யென், 10 யென் நாணயங்களாகவும் இருக்க வேண்டும். 10 யென் எதற்கு என்றால் பொதுத் தொலைபேசிக்கு. மின்தடையின்போது பச்சைநிறப் பொதுத் தொலைபேசியில் தொலைபேசி அட்டை வேலை செய்யாது. 10 யென், 100 யென் நாணயம் வேலை செய்யும். 171 என்ற பேரிடர்ச் செய்தி எண்ணில் குரல்செய்தி விட்டுவைக்கலாம் என்பதையும் வீட்டார் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கதவருகே மாட்டியிருக்கும் அவசரப் பையில் 1,000 யென் நோட்டுகள் முப்பதும், 100 யென் நாணயங்கள் இருபதும், 10 யென் நாணயங்கள் இருபதும் இருக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை குடிநீரை மாற்றும்போது பணத்தையும் எண்ணிப் பார்ப்போம்.

ஒசாகாவில்நான்

சப்போரோ அண்ணன் எழுதியதைப் படித்தபின் நேற்று மாலை 9,000 யென் எடுத்து ஓர் உறையில் போட்டு வீட்டில் வைத்தேன். அன்றாடச் செலவைத் தடத்தோடு செய்வதே நல்லது என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் நான் இதுவரை பர்ஸையும் வீட்டையும் ஒன்றாகவே நினைத்துப் பேசியிருக்கிறேன். பர்ஸில் 2,000 என்பதை 5,000 என்று திருத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் எனக்கு வேண்டாம். நான் தனியாள்.

கோவைப்பயணி

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. என் மனைவி மருத்துவம் பற்றிய பகுதியை இருமுறை படித்துவிட்டுத் தனக்கென்று ஒரு சிறு பர்ஸ் வாங்கி வைத்துவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பணத்தோடு பர்ஸ் தொலைந்தால் என்ன செய்வது? என் பெற்றோர் அக்டோபரில் வந்து இரண்டு மாதம் தங்கவிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கைப்பேசியில் பணம் செலுத்தத் தெரியாது. ஜப்பானிய மொழியும் தெரியாது. நாங்கள் அலுவலகம் சென்றபின் அவர் கையில் எவ்வளவு கொடுத்து வைப்பது?

நிஷிகசாய்14

தொலைந்தால் முதலில் அருகிலுள்ள கோபானுக்கு, அதாவது தெருமுனைக் காவல் சாவடிக்குச் செல்லுங்கள். டோக்கியோவில் மட்டும் கண்டெடுக்கப்பட்டுக் காவல்துறையிடம் சேரும் ரொக்கம் ஆண்டுக்கு 400 கோடி யென்னையும் தாண்டியிருக்கிறது. மூன்று மாதம் வரை வைத்திருப்பார்கள். உரியவர் வந்தால் கொடுத்துவிடுவார்கள். கண்டெடுத்தவருக்கு 5 முதல் 20 விழுக்காடு வரை வெகுமதி கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் ரயிலில் விட்ட பர்ஸ் நான்காம் நாள் 11,000 யென்னும் அப்படியே இருக்கத் திரும்பி வந்தது. எடுத்துக் கொடுத்தவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை என்றார்கள். அவருக்கு நன்றி சொல்ல முடியாமல் போனது இன்றுவரை எனக்கு ஒரு குறைதான். ஆனால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நம்பிப் பெருந்தொகை வைத்திருக்க வேண்டாம்.

உண்மையில் பணத்தைவிட நீங்கள் அஞ்ச வேண்டியது வசிப்பு அட்டை தொலைவதைப் பற்றித்தான். 16 வயது நிரம்பிய வெளிநாட்டவர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நான் வசிப்பு அட்டையையும் பணத்தையும் ஒரே பர்ஸில் வைப்பதில்லை.

உங்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. என் மாமனார் திருச்சியிலிருந்து முதன்முறை வந்தபோது நான் அவரிடம் ஒரு சுய்கா அட்டையில் 5,000 யென் ஏற்றிக் கொடுத்துவிட்டு, எல்லாம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அவர் இரண்டு வாரம் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை. அட்டையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் கடையில் நிற்பது அவருக்குக் கூச்சமாக இருந்ததாம். பிறகு 1,000 நோட்டுகள் மூன்றும் ஒரு சிறு சில்லறைப் பையும் கொடுத்தேன். மறுநாளே நடந்துபோய் வாழைப்பழம் வாங்கி வந்து, மீதியை மேசையில் எண்ணி வைத்தார். இங்கே கல்லாவின் முன்னால் ஒரு சிறு தட்டு இருக்கும்; காசைக் கையில் கொடுக்காமல் அதில் வைக்க வேண்டும். தேவையான தொகையைக் கடைக்காரர் தட்டிலிருந்தே எண்ணி எடுத்துக் காட்டுவார். மொழி தெரியாதவருக்கு அந்தத் தட்டு பெரிய உதவி. அப்பாவுக்கு நாளுக்கு 3,000 யென் போதும். நம் கணக்கில் 2,000 ரூபாய்க்குள் அடங்கும். அதோடு உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஜப்பானிய எழுத்தில் எழுதிய ஒரு தாளும், டாக்சியில் திரும்பி வர நேர்ந்தால் கொடுக்க ஒரு தனி 5,000 யென்னும் இருக்கட்டும்.

கோவைப்பயணி

வந்து ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன. கேட்டவன் என்ற முறையில் நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். கையில் கொண்டுவந்த 1,20,000 யென்னில் இப்போது 31,000 மிச்சம் இருக்கிறது. வங்கி அட்டை வந்து சேர 19 நாள் ஆயிற்று. அதுவரை பாத்திரம், மெத்தை, அரிசி என்று வீட்டுச் செலவில் பெரும்பகுதி ரொக்கத்தில்தான் நடந்தது. அக்கம்பக்கத்தில் பழைய மிதிவண்டியை விற்ற ஜப்பானியப் பெரியவரும் ரொக்கம்தான் வாங்கினார். எழுதிய ரசீதும் கொடுத்தார்.

அட்டை வந்தபின் செலவு வெகுவாக மாறிவிட்டது. சென்ற வாரம் முழுவதும் நான் பர்ஸிலிருந்து எடுத்தது 2,350 யென் மட்டுமே: கிளினிக்கில் ஒருமுறை, பேருந்தில் ஒருமுறை, மற்றது சலவைக்கூடத்துக்கு. ஆனாலும் என் பர்ஸில் 10,000, மனைவியின் பர்ஸில் 12,000 என்று வைத்திருக்கிறோம். அவருடையதில் தொடாத நோட்டு ஒன்று உள்ளறையில் இருக்கிறது. பள்ளியிலிருந்து முதல் உறை சென்ற திங்களன்று வந்தது, 860 யென். டப்பாவிலிருந்து எடுத்து மகளே எண்ணிப் போட்டாள். 50 யென்னையும் 5 யென்னையும் மாற்றி எடுக்கவில்லை. அவசரப் பையை இந்தச் சனிக்கிழமை வாங்குகிறோம். அதற்கான 1,000 நோட்டுகளை இப்போதிருந்தே ஒவ்வொன்றாகச் சேர்த்து வருகிறேன். இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது.